பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? என் படகின் பெயிண்டுக்கு அடியில் இருந்ததைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கடலூர், நாகை, காரைக்கால் பக்கம் யாராவது பழைய ஃபைபர் படகு பார்த்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒன்றே முக்கால் லட்சத்துக்கு ஒரு படகு வாங்கி, அதைச் சரிசெய்ய மேலும் 92,000 ரூபாய் செலவழித்தேன். இன்றுவரை ஒரு நாள்கூட அதில் வலை ஏறவில்லை.

சிங்கப்பூரில் ஏழு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். என் தங்கை வீட்டுக்காரர் கடல்தொழில் செய்பவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படகு வாங்கலாம் என்று பேச்சு. புதுசுக்குக் கையில் காசு பத்தாது. ஒருநாள் காலையில் புரோக்கர் போன் செய்தார், "உடனே வா தம்பி, வேற பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு" என்று. மச்சான் ராத்திரி கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வராமல் நான் மட்டும் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

படகு முகத்துவாரத்தில் தண்ணீரில் கட்டிக் கிடந்தது. பளபளவென்று நீலப் பெயிண்ட், விளிம்பில் மஞ்சள் கோடு, முன்முனையான அணியத்தில் கண் போல ஒரு படம். புரோக்கர் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டி, "இது சுனாமிக்கு அப்புறம் கட்டினது. அந்தக் காலக் கட்டு. இப்ப எவன் தம்பி இவ்வளவு மேட்டு போடுறான்?" என்றார். மேட்டு என்றால் படகின் சுவரை அடுக்கடுக்காகக் கட்டும் கண்ணாடி இழைப் பாய். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் எப்படி வந்து குவிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்குத் திடீரென முளைத்த பட்டறைகளில் கட்டியவையும் அவற்றில் உண்டு. நல்ல கட்டும் இருந்தது, மேட்டை ஒட்டி இறுக வைக்கும் ரெசின் பசையில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து ஒப்பேற்றியதும் இருந்தது. பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கரையில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். "இன்னிக்கு ஆள் இல்ல, காசைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போய் ஏத்திப் பாரு" என்றார். கொடுத்துவிட்டேன்.

எங்கள் கரைக்குக் கொண்டுவந்து ஏற்றும்போதே மச்சானின் முகம் மாறியது. அந்த அளவுப் படகை மணலில் தள்ள ஆறு பேர் போதுமாம். இதற்குப் பத்துப் பேர் மூச்சு வாங்கினோம். மச்சான் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். பின்பக்கம் நெருங்க நெருங்கச் சத்தம் மாறியது. தொப், தொப். ஈரச் சுவரைத் தட்டுவது போல. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நாணயத்தை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பின்னால் இன்ஜின் உட்காரும் இடத்தில் உள்ளே மரப்பலகை வைத்து, இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். இன்ஜினின் கனம், அதிர்வு எல்லாம் அந்தப் பலகையின் மேல்தான். போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே மரம் உளுத்துக்கொண்டே போகும். வீட்டிலிருந்து டிரில்லிங் மெஷினைக் கொண்டுவந்து 6 மில்லிமீட்டர் பிட் போட்டு ஓர் ஓட்டை போட்டேன். மரத்தூள் வர வேண்டிய இடத்தில் ஊறவைத்த புண்ணாக்கு மாதிரி ஏதோ வந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர், கிட்டத்தட்ட பத்து நிமிஷம் ஒழுகியது. மேல்தட்டுக்கு அடியில் மிதப்புக்காக அடைத்திருந்த ஃபோமும் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. அடிப்பக்கத்தில் அங்கங்கே கொப்புளங்கள். ஒன்றை உடைத்தால் வினிகர் வாடை அடித்தது. ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டி ஃபைபருக்குள் தண்ணீர் போய்விட்டால் வரும் வாடை அது. பல மாதம் தண்ணீரிலேயே கிடந்த படகு. கரையில் ஏற்றிக் காட்ட ஏன் ஆள் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

புரோக்கரைக் கேட்டால், "பழைய படகுன்னா அப்படித்தான், நல்ல ஃபைபர் ஆளை அனுப்புறேன்" என்றார். இரண்டாவது தடவை ஏமாந்தது அந்த ஆளிடம்.

வந்தவர் பேச்சில் மன்னன். பலகை மாற்ற, அடிப்பக்கம் மேட்டு போட, பெயிண்ட் அடிக்க, எல்லாம் சேர்த்து 92,000. வேலையை நவம்பரில் ஆரம்பித்தார், நல்ல மழையில், மேலே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு. ஈரத்தில் ரெசின் சரியாகப் பிடிக்காது என்று எனக்கே தெரியும். கேட்டதற்கு, "ஹார்டனரைக் கூட்டிப் போட்டா சரியாயிடும் சார்" என்றார். ரெசினை இறுக வைக்கக் கலப்பதுதான் ஹார்டனர். பழைய பெயிண்டை கிரைண்டர் போட்டுச் சுரண்டாமல் அதன் மேலேயே மேட்டை ஒட்டினார். கடல் தண்ணீருக்கு ஐசோ ரெசின்தான் நிற்கும். பில்லில் ஐசோ என்றுதான் எழுதியிருந்தார். வந்து இறங்கியதோ விலை குறைந்த சாதா ரெசின். கேனில் எழுதியிருந்ததை நான் படித்தது கடைசி நாளில்.

அந்த பில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்கே கணக்குப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் கொடுத்தது நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிய ஒரு துண்டு. "ரெசின் 75 கிலோ." எங்கள் வேலையில் மேட்டு விழுந்த இடம் மொத்தம் ஏழு சதுர மீட்டர் இருக்கும், மூன்று அடுக்கு. 450 கிராம் மேட்டு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடை. ஏழை மூன்றால் பெருக்கி, அதை 450 கிராமால் பெருக்கினால் ஒன்பதரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த மேட்டுக்கு எடையில் இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். ஆக, 24 கிலோ. சிந்தினது, பட்டிக்குக் கலந்தது எல்லாம் சேர்த்து 30 என்றே வையுங்கள். மிச்சம் 45 கிலோ என் காசில் வேறு யாருடைய படகுக்கோ போயிருக்கிறது.

ஜனவரியில் இன்ஜினை மாட்டி முகத்துவாரத்திலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். பின்பக்கம் மயிர்க்கோடு மாதிரி ஒரு விரிசல். பட்டி வைக்கும் தகட்டை உள்ளே விட்டு நெம்பினேன். கல்லிலிருந்து தோசை பெயர்வது போல மேட்டு முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. பலகையைப் பாதிதான் மாற்றியிருந்தார். புதுப் பலகையை உளுத்த பாதியோடு சேர்த்து மூடியிருந்தார்.

வந்த கோபத்தில் நானே கிரைண்டரை எடுத்து அணியத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். நீலம் போச்சு, அடியில் பச்சை, அதற்கும் அடியில் வெள்ளை. வெள்ளையின் மேல் மங்கிய கறுப்பு எழுத்துகள். பதிவு எண். எங்கள் கையில் இருந்த பதிவுச் சான்றில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண். படகில் இருந்ததோ ஐஎன்டி, பிஒய். புதுச்சேரி எண். டேப்பைப் பிடித்து அளந்தோம். சான்றில் எழுதியிருந்த நீளத்தைவிடப் படகு 60 சென்டிமீட்டர் கூடுதல். எப்போதோ உடைத்துப் போட்ட வேறொரு படகின் காகிதத்தை இதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மீன்வளத்துறை அலுவலகத்தில் பொறுமையாகவே விளக்கினார்கள். உண்மையான பழைய உரிமையாளரின் விற்பனைக் கடிதமும், அந்தப் பக்கத்துத் துறையின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் பெயர் மாற்றம் கிடையாது. பெயர் மாறாமல் மானிய டீசல் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது. ஃபைபர் ஆள் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். சொந்தப் பிழைப்புக்காகச் செய்த செலவு என்றால் அங்கே ஏற்பார்கள், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஜிபேயில் அனுப்பிய பணத்துக்கு ஆதாரம் இருக்கிறது. கையில் கொடுத்த 40,000க்கு அந்த நோட்டுத் தாள் மட்டும்தான், அதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் புரோக்கர் மறுபடி போன் செய்தார். "எதுக்குத் தம்பி மனசைப் போட்டு அலட்டிக்கிறே? ஒரு கோட் பெயிண்ட் அடி, எண்பதாயிரத்துக்கு நானே தள்ளிவிடுறேன்." மச்சான் போனை என் கையிலிருந்து வாங்கி, பதில் சொல்லாமல் அணைத்தார். படகு இப்போது எங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. நான் போட்ட ஓட்டைகளை இன்னும் அடைக்கவில்லை.