‘டிக்ளைன்’ என்று தட்டிப் பார்த்தேன்: மூன்று பின்னிஷ் அகராதிகள்

பின்னிஷ் அகராதி எது கையில் கிடைத்தாலும் முதலில் நான் தட்டிப் பார்ப்பது ‘டிக்ளைன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத்தான். பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. ஷிப்ட் முடிவதற்குள் ஒவ்வொருவரைப் பற்றியும் கம்ப்யூட்டரில் பின்னிஷில் குறிப்பு எழுதியாக வேண்டும். ஒருவர் மாத்திரை வேண்டாம் என்றிருப்பார். ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், இன்னொருவருக்கு நினைவு மங்கிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் யோசித்தால் எல்லாவற்றுக்கும் ‘டிக்ளைன்’ போதும். பின்னிஷில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அதனால் இந்த ஒரு சொல்லை வைத்தே ஓர் அகராதியின் யோக்கியதையைப் பார்த்துவிடலாம்.

முதலில் காசு கொடுத்து வாங்கிய செயலி. பெயர் வேண்டாம். வருடச் சந்தா. பார்க்க அழகாக இருக்கிறது, வேகமும் இருக்கிறது. ஆனால் ‘டிக்ளைன்’ என்று தட்டினால் கமா போட்டுக் கமா போட்டு ஒரே வரியில் கொட்டிவிடுகிறது: லஸ்கெயா, ஹெய்கெதா, ரப்பியோ, தான்துவா, ஹுலாதா, கியெல்தாய்துயா. வினை எது, பெயர் எது என்றுகூடப் பிரிக்கவில்லை. எது ரத்த அழுத்தத்துக்கு, எது மனிதருக்கு, எது நாட்டின் பொருளாதாரத்துக்கு? ஒரு துப்பும் இல்லை.

‘ரப்பியோ’வையே எடுத்துக்கொள்வோம். சீரழிவு என்று சொல்வோமே, அந்த வாடை உள்ள சொல். பாழடைந்த வீட்டுக்கும் குடியில் வீணாய்ப் போனவருக்கும் பொருந்தும். தொண்ணூறு வயதுப் பாட்டியின் உடல் தளர்ந்திருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் இதைப் போட்டால், குறிப்பைப் படிக்கிற மகன் சும்மா இருப்பாரா? அதே வேரில் பிறந்த ‘இகாரப்பெயுமா’ என்ற சொல்லோ கண் மருத்துவர் சாதாரணமாகச் சொல்வது. வயதானவர்களுக்கு விழித்திரையில் வரும் தேய்மானத்தின் பெயர். அங்கே அது வெறும் நோய்ப்பெயர், யாருக்கும் கோபம் வராது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாத அகராதிக்கு எதற்குக் காசு?

இன்னொரு குறை. பின்னிஷ் வினை வாக்கியத்துக்குள் நுழைந்ததும் உருமாறிவிடும். ‘ஹுவெதா’ என்றால் குறைந்துபோவது, கரைந்துபோவது. வாக்கியத்தில் பார்த்தால் ‘ஹுப்பெனே’ என்று நிற்கும். நடுவில் இருந்த ‘வ’ எப்போது ‘ப’ ஆனது என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? படித்ததை அப்படியே தட்டினால் அந்தச் செயலி ‘இல்லை’ என்கிறது. மூலவடிவம் தெரிந்திருந்தால் நான் ஏன் அகராதிக்கு வருகிறேன்!

இரண்டாவது, ஆங்கில விக்சனரி. விக்கிப்பீடியா மாதிரி எல்லோரும் சேர்ந்து எழுதும் இணைய அகராதி, இலவசம். இதில் எனக்குப் பிடித்தது, பொருளைப் பிரித்துப் பிரித்து மொழிபெயர்ப்பு கொடுத்திருப்பது. மறுப்பதற்கு ஒரு பெட்டி, வலுக்குறைவதற்கு ஒரு பெட்டி, பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு சேர்ப்பதற்கும் ஒரு பெட்டி. இலக்கணத்தில் அதற்கும் ஆங்கிலத்தில் ‘டிக்ளைன்’தானே. பின்னிஷில் ‘தைவுத்தா’, வளைப்பது. வளைத்து முடித்தால் 15 வேற்றுமை. நம் எட்டையே முக்கி முக்கிப் படித்தவர்களுக்குத் தலை சுற்றும். பின்னிஷ் சொல்லைச் சொடுக்கினால் முழு அட்டவணையும் வருகிறது, ‘ஹுப்பெனே’ மாதிரித் திரிந்த வடிவங்களுக்கும் பெரும்பாலும் தனிப் பக்கம் இருக்கிறது. பெட்டிகள் எல்லாம் மூடியே இருக்கும், போனில் விரலால் குத்திக் குத்தித் திறக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனாலும் பரவாயில்லை.

மூன்றாவது, ‘கியெலிதொய்மிஸ்தொன் சனகிர்யா’. கோதுஸ் என்று சுருக்கிச் சொல்லும் உள்நாட்டு மொழிகளுக்கான நிறுவனத்தின் அகராதி இது. 2006இல் அச்சில் வந்தது, 2014 முதல் இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். 1 லட்சத்துக்கு மேல் சொற்கள். ஒரே சிக்கல், முழுக்க முழுக்கப் பின்னிஷ். ‘டிக்ளைன்’ என்று தட்டினால் ஒன்றும் வராது. விக்சனரியில் பிடித்த சொல்லை இங்கே கொண்டுவந்து விசாரிக்க வேண்டும்.

விசாரித்தால் எல்லாம் கிடைக்கிறது. ‘கியெல்தாய்துயா’ என்றால் மறுப்பது. நாம் மருந்தை மறுத்தார் என்று ‘ஐ’ போடுவோம். அவர்களுக்கு அது ‘லாக்கேஸ்தா’, அதாவது மருந்திலிருந்து. உதாரணத் தொடர்களைப் படித்தால் இது தானாகப் பதிந்துவிடுகிறது. ‘ஹுலாதா’வும் மறுப்புதான், ஆனால் தள்ளுபடி செய்வது, கைவிடுவது என்ற பக்கம் போகிறது, விண்ணப்பத்துக்குச் சரி, மாத்திரைக்குச் சரிவராது. வினைக்குப் பக்கத்தில் 52*எஃப் மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். முதலில் பார்த்தால் பஸ் நம்பர் மாதிரி தெரியும். எண் எந்த மாதிரி வினை போல் திரியும் என்பதற்கு, எழுத்து எந்த மெய் எதுவாக மாறும் என்பதற்கு. எஃப் என்றால் ‘த’ மெலிந்து ‘ட’ ஓசை வரும், ‘கியெல்தாய்டுன்’, நான் மறுக்கிறேன். பேச்சுவழக்கா, உயர்நடையா என்றும் குறி போட்டிருக்கிறார்கள். குறிப்பு எழுதுகிறவருக்கு இது பெரிய உதவி.

போகிற போக்கில் ஒன்று. ‘வியெத்தா’ என்றால் விடுமுறையைக் கழிப்பது, கிறிஸ்துமஸ் கொண்டாடுவது என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். நிலம் சரிவாக இருப்பதற்கும் அதே சொல். இதற்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் அகராதியில் இப்படி எதையாவது தேடிப்போய் அரை மணி நேரம் தொலைப்பதில் ஒரு சுகம்.

மருத்துவக் குறிப்புக்கு இவற்றில் எதுவுமே முழுசாகப் போதாது. ‘யுலெய்ஸ்திலன் லஸ்கு’, பொது உடல்நிலை இறங்கியிருக்கிறது என்று இங்கே நர்ஸ், டாக்டர் எல்லோரும் எழுதுவார்கள். அந்தத் தொடரை நான் பிடித்தது பழைய குறிப்புகளைப் படித்துத்தான். நினைவுக்கும் நடமாட்டத்துக்கும் ‘ஹெய்க்கெனே’ (வலுக்குறைகிறது), ரத்த அழுத்தத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் ‘லஸ்கே’ (இறங்குகிறது) என்று சொல்லோடு சொல்லைச் சேர்த்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்கள் விக்சனரியில் தொடங்கலாம். பின்னிஷ் விளக்கம் ஓரளவு புரிய ஆரம்பித்ததும் கோதுஸ் அகராதிக்கு மாறிவிடுங்கள், இரண்டுக்கும் காசு கிடையாது. சந்தா செயலிக்கு ஐந்தில் இரண்டு தருவேன், அதுவும் இணைய இணைப்பு இல்லாமலும் ஓடுகிறது என்பதற்காக. சந்தா முடிந்ததும் எடுத்துவிடுவேன்.