பத்து மடங்கு லென்ஸும் பனங்காட்டு வரப்புச் செடியும்

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகும் வழியில் எங்கள் மாமாவுக்கு ஒரு பனங்காடு இருக்கிறது. அதன் வரப்பில் முழங்கால் உயரத்தில் ஒரு செடி. ஆடு கடித்துக் கடித்தே அடித்தண்டு பருத்து, கிளைகள் நெருங்கி, வயசான மரத்தைச் சுருக்கி வைத்தது போல நிற்கிறது. மாடியில் எட்டு வருஷமாகப் போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) வளர்க்கிற எனக்கு அதைக் கடந்து போக மனசு வரவில்லை. ஆனால் பெயர் தெரியாத செடியை நான் தொட்டியில் ஏற்றுவதில்லை. வேரை எவ்வளவு வெட்டினால் தாங்கும், பழைய கட்டையில் துளிர் வருமா என்பதையெல்லாம் பெயர் தெரிந்தால்தானே விசாரிக்க முடியும்?

படம் எடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் மூன்று முறை பார்த்தேன். காரை, களா, காட்டெலுமிச்சை என்று மூன்று பதில் வந்தது. அப்புறம்தான் செடியை நானே பெரிதாக்கிப் பார்க்க ஒரு கைலென்ஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதலில் தபாலில் வரவழைத்தது '30 மடங்கு' என்று பொறித்த ஒன்று. நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு, ஓரமெல்லாம் வானவில். திருப்பி அனுப்பிவிட்டேன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கேட்டபோது, "பத்து மடங்கு போதும்மா. செடி மேல வைக்காதீங்க, கண்ணோட ஒட்டி வச்சு, இலையைக் கிட்ட கொண்டு வாங்க" என்றார். மடக்கு லென்ஸ், 220 ரூபாய். அவர் சொன்னபடி பிடித்தால் இலை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வரும்போது நரம்பு நரம்பாகத் தெரிகிறது. இதைச் சொல்லித் தராமல் லென்ஸை மட்டும் விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

மறுநாள் காலையிலேயே வரப்புக்குப் போய்விட்டேன். காரைக்கும் களாவுக்கும் இலைகள் எதிரெதிராக இருக்கும், முள்ளும் உண்டு. இதில் இலைகள் மாறிமாறி வந்து, குட்டைக் கிளைகளில் கொத்தாக நிற்கின்றன. முள் இல்லை. கிள்ளினால் பால் வரவில்லை, அதனால் களா நிச்சயம் இல்லை. கசக்கினால் எலுமிச்சை மணமும் இல்லை. இதுவரைக்கும் வெறும் கண்ணும் மூக்கும் போதும். லென்ஸ் தேவைப்பட்டது அதற்குப் பிறகு. இலையின் மேல்புறம் தடவினால் சொரசொரவென்று இருந்தது. லென்ஸில் பார்த்தால் அது முழுக்க வெள்ளைப் புள்ளிகள், அவற்றின் நடுவில் குட்டையான விறைப்பு மயிர். இலை நுனியில் மூன்று நான்கு பற்கள். பூ வெள்ளை, ஐந்து இதழ். பூவின் நடுவில் சூல்தண்டு (சூல்பைக்கு மேலே நீளும் மெல்லிய காம்பு) அடிவரைக்கும் இரண்டாகப் பிளந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது உண்மை. கார்மோனா ரெட்யூசா என்ற செடிக்கு அதுதான் அடையாளம். சிவந்த பழம் ஒன்றை நசுக்கினேன். உள்ளே ஒரே கொட்டை, அதுவும் பொருந்தியது.

பனையேறும் தாத்தாவிடம் காட்டினேன். "இதுவா, குரங்கு வெற்றிலை" என்றார் சாதாரணமாக. நர்சரிகளில் 'ஃபுக்கியன் டீ' என்ற சீனப் பெயரில் விற்கிறார்களே, அதே செடி. குளிர்நாட்டுக்காரர்கள் இதை வீட்டுக்குள் வைத்துப் படாதபாடு படுகிறார்கள். நம் வரப்பில் அது வெயிலில் காய்ந்து, ஆட்டுக்குத் தப்பிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. சின்ன இலை, வெட்டிய இடத்தில் மறுபடி துளிர், வருஷத்தில் பல தடவை பூ. இதைவிட ஒரு போன்சாய்க்காரிக்கு என்ன வேண்டும்?

லென்ஸில் குறை இருக்கிறது. உப்புக்காற்றில் இரண்டே மாதத்தில் திருகாணி துருப்பிடித்து, மடக்க முடியாமல் ஆனது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டதும் சரியானது. மணல் ஒட்டியிருக்கும்போது துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், முதலில் ஊதிவிட வேண்டும். தோல் உறை கொடுத்திருந்தால் இன்னும் பத்து ரூபாய் சேர்த்தே தந்திருப்பேன். கடற்கரை ஊர்க்காரர்கள் எவர்சில்வர் திருகாணி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

தாய்ச்செடியை நான் தோண்டவில்லை. அந்த வரப்பில் அது ஒன்றுதான் இருக்கிறது. மாமாவிடம் கேட்டு ஆறு குச்சிகள் மட்டும் வெட்டி, ஆற்றுமணலில் ஊன்றி நிழலில் வைத்தேன். நான்கு துளிர்த்திருக்கின்றன. காலையில் தண்ணீர் தெளிக்கும்போது லென்ஸை எடுத்துப் பார்க்கிறேன், புது இலையிலும் அந்த வெள்ளைப் புள்ளிகள் வந்துவிட்டன.