விரல் ஜால்ராவுக்கு உறை: கம்பளி நூலா, பருத்தி நூலா?

குன்னூரில் எங்கள் லைன் வீட்டில் குடும்பம் இரண்டு, நடுவில் சுவர் ஒன்று. அரபு நடனப் பயிற்சிக்காகக் கட்டைவிரலிலும் நடுவிரலிலும் பித்தளை ஜால்ராவை மாட்டித் தட்டினால், "ஏம்மா, பஜனை இன்னும் முடியலையா?" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. சரி என்று குரோஷாவில் இரண்டு விதமாக உறை பின்னினேன்.

கம்பளி நூல் மெத்தென்று சத்தத்தை விழுங்கும். 'டிங்' போய் 'தொப்' மட்டும் மிஞ்சும். இழுபடுவதால் அளவு கொஞ்சம் பிசகினாலும் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஆனால் வலது-இடது-வலது என்று வேகமாகத் தட்டும்போது எங்கே தப்பினேன் என்று காதுக்குத் தெரியவில்லை. எனக்கு இது பெரிய குறை.

பருத்தியில் 'டக்' என்று கேட்கும், பிந்தினால் உடனே மாட்டிக்கொள்வோம். இழுபடாது, கடைசிச் சுற்றுகளில் கண்ணியைக் குறைத்து உள்பக்கம் மடக்க வேண்டும். இல்லையென்றால் கையை உதறும்போது கழன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஜூலை மூடுபனியில் துவைத்தால் காயாது என்பது வேறு.

எதில் பின்னினாலும், ஜால்ராவை விரலில் மாட்டும் எலாஸ்டிக் நுழைய நடுவில் துளை விடுங்கள். முதல் ஜோடியில் நான் மறந்துவிட்டேன்.

இப்போது பகலில் பருத்தி. அக்கா வீட்டு விளக்கு அணைந்ததும் கம்பளி.