கடலோரம் ஓடும் கேரவனுக்கு எந்த ரிவர்ஸ் கேமரா?

டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றியதும் பின்கண்ணாடி போய்விடும். அந்த இடத்தில் கட்டிலோ அலமாரியோ வந்துவிடும். அதன்பிறகு ரிவர்ஸ் எடுக்க, பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று தட்டுகிற ஆள் வேண்டும், இல்லையென்றால் கேமரா வேண்டும். கடைகளில் மூன்று வகை செட் கிடைக்கிறது: மஞ்சள் பின் வைத்த கார் கேமரா, வயர்லெஸ், நாலு பின் திருகு பிளக்கும் 7 இன்ச் திரையும் (மானிட்டர்) உள்ள ஏ.எச்.டி. (வயர் வழியே தெளிவான படம் அனுப்பும் முறை) வயர் செட். கன்னியாகுமரி மாவட்டத்து வண்டிக்கு மூன்றாவதுதான் சரி. மஞ்சள் பின்னுக்குப் பூட்டு கிடையாது, குலுக்கலில் தளரும். வயர்லெஸ் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. வண்டிக்குள் இருக்கும் வைஃபை ரூட்டரும் அதே அலைதான். நடுவில் தகரச் சுவர் வேறு. படம் அரை நொடி தாமதித்தாலும் மதில் முட்டிவிடும்.

வாங்கும்போது பிக்சலைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது பொருத்தம். ஏ.எச்.டி. கேமராவைப் பழைய மானிட்டரில் மாட்டினால் படம் வராது. கேமரா 1080 பிக்சல் வரிசை அனுப்பும், மானிட்டர் 720 மட்டும் எடுக்கும் என்றாலும் இதே கதைதான். டிராவலர் 12 வோல்ட். பஸ் சேஸிஸில் கட்டியது என்றால் 24. மானிட்டரில் '10–32 வோல்ட்' என்று அச்சிட்டிருக்க வேண்டும். 170 டிகிரி லென்ஸ் வேண்டாம், பின்னால் இருப்பதைச் சிறிதாக்கி, உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகக் காட்டி ஏமாற்றும். 120 முதல் 130 போதும். கேமராவில் போட்டிருக்கும் ஐ.பி. 69கே என்ற தரக் குறி, தூசி புகாது, அழுத்தத் தண்ணீரைத் தாங்கும் என்ற உறுதி மட்டுமே. உப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை, பிளக்கைப் பற்றியும் சொல்வதில்லை.

முட்டத்திலும் குளச்சலிலும் நிற்கும் வண்டிகளில் கேமரா 'செத்துப்போச்சு' என்றால் முதலில் பிளக்கைத் திறந்து பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கேமரா நன்றாகவே இருக்கும். அதனால் பிளக்கை வெளியே தொங்க விடக் கூடாது. பிளக் தலை நுழையும் அளவுக்குத் துளை போட்டு உள்ளே தள்ளி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாத, ஈரம் புகவிடாத கிரீஸ்) தடவி முறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் கோந்தாக உருகிவிடும். துளையின் ஓரத்துக்குத் துத்தநாக பிரைமர், அதன்மேல் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்), அப்புறம் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட். காடி வாடை அடிக்கும் சிலிக்கன் தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும், தொடவே வேண்டாம். வயர் துளைக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு மழை வாங்கும் ஊருக்கு இந்த வளைவு இல்லாமல் ஆகாது.

கேமராவைக் கதவில் வைக்காமல் பாடியில் வையுங்கள். கதவில் வைத்தால் கீல் பக்கம் வயர் மடிந்து மடிந்து அறுந்துபோகும். ஃபைபர் பேனல் என்றால் ஸ்க்ரூ பிடிக்காது, உள்பக்கம் அலுமினியத் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். கூரையோரமாகச் சுற்றி வர 15 மீட்டர் கேபிள் பிடிக்கும். இன்வெர்ட்டர் வயரோடு சேர்த்துக் கட்டினால் ஏசி ஓடும்போது திரையில் கோடு ஓடும், ஒரு சாண் தள்ளியே கொண்டுபோகவும்.

மானிட்டரின் சிவப்பு வயர் 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக சாவி போட்டால் கரன்ட் வரும் லைனுக்கு, கறுப்பு பாடிக்கு. ரிவர்ஸ் போட்டதும் படத்தை வரவைக்கும் ட்ரிகர் வயர் ரிவர்ஸ் லைட்டின் பாசிட்டிவுக்கு. பிரேக் மிதித்தாலே ரிவர்ஸ் படம் வருகிறதா? மானிட்டரை மாற்றாதீர்கள், பின் லைட்டின் எர்த் துருவேறி, கரன்ட் ரிவர்ஸ் பல்பு வழியாகத் திரும்பி வருகிறது. எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும்.

ஸ்க்ரூ முறுக்குவதற்கு முன் ஓர் ஆள் பின்னால் இடது ஓரத்தில் நிற்கட்டும். திரையிலும் இடது ஓரத்திலேயே தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் மிரர் செட்டிங்கை மாற்றுங்கள். பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் ஒரு விரல் அகலம் தெரியும்படி கேமராவைச் சாய்க்கவும். பிறகு டேப் பிடித்து 1, 2, 3 மீட்டரில் தலா ஒரு தேங்காய் வைத்து, மானிட்டரின் கோடுகள் அங்கே விழுகிறதா என்று பாருங்கள். கோடு விழாவிட்டால் மார்க்கர் பேனாவால் கண்ணாடியிலேயே குறித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு சமதரையில் மட்டுமே செல்லும். திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கத்து மேட்டு ஒழுங்கைகளில் பின்னால் தரை ஏறிக்கொண்டு போனால், மதில் உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகத் திரை காட்டும். அங்கே ஆளை இறக்கிவிட்டே எடுக்கவும்.

இரவில் படம் வெள்ளையாகப் பூத்தால் கேமராவின் அகச்சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம் லென்ஸில் படிந்த உப்பில் பட்டுத் தெறிக்கிறது என்று பொருள். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்துவிட்டுத் துடையுங்கள்.