2 டிபி என்று விற்றார்கள், உள்ளே இருந்தது 64 ஜிபி மெமரி கார்டு

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் "2 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி" (அதாவது சுமார் 2,000 ஜிபி கொள்ளும், கையில் எடுத்துப்போகிற வேகமான சேமிப்பு டிரைவ்) என்று விளம்பரம் வருகிறதே, அதை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரின் பேக்கப்பை அதில் போட்டு பீரோவில் வைத்திருப்பவர்கள், இன்றே அதை வெளியே எடுத்துச் சோதித்துவிடுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன் எங்களுக்கு நடந்தது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் என்றால் அது மாமனாருடையது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தேதி போட்டு அடுக்கி வைத்தே பழக்கம். 2004-ல் டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளிலிருந்து எடுத்த படங்கள் ஆண்டு வாரியாக ஃபோல்டர் போட்டு இருக்கும். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் ஸ்கேன் செய்து தனி ஃபோல்டர். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிகிறது என்று செய்தி வந்த சமயம், "ஏம்மா, எதுக்கும் எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சிடலாமா?" என்று கேட்டார். "சரிங்க மாமா" என்று நானும் ஆர்டர் போட்டேன்.

வாங்கியது ஏதோ ஊர் பேர் தெரியாத இணையதளத்தில் அல்ல, எல்லோரும் வாங்கும் பெரிய தளம்தான். எம்ஆர்பி 8,999, விலை 1,799, நாலே கால் ஸ்டார். பார்சல் வந்தது. அலுமினிய உறை, கையில் வைத்தால் கனமாக, கச்சிதமாக இருந்தது. கம்ப்யூட்டரில் சொருகியதும் 1.95 டிபி காலி என்று காட்டியது. சுமார் 280 ஜிபி, ராத்திரி முழுக்க ஓடி காப்பி ஆனது. எந்த எரர் செய்தியும் வரவில்லை. மாமா ஃபோல்டர்களை எண்ணிப் பார்த்து, சைஸையும் ஒப்பிட்டு, நோட்டில் குறித்து வைத்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் டொக் டொக் என்று சத்தம் போட ஆரம்பித்து, அப்படியே போய்விட்டது. பழைய டிஸ்க், அதன் ஆயுசு அவ்வளவுதான். எங்களுக்குப் பதற்றமே இல்லை, பேக்கப்தான் இருக்கிறதே. புது டிஸ்க் போட்டு, இந்த டிரைவைச் சொருகினால் எல்லா ஃபோல்டரும் இருந்தது. 2004 முதல் 2012 வரை படங்கள் ஒழுங்காகத் திறந்தன. 2013 ஃபோல்டரில், என் பையன் பெயர் சூட்டு விழாப் படங்களில் ஒன்று மேல்பாதி மட்டும் தெரிந்தது, கீழே சாம்பல் நிறம். அதற்கடுத்த படத்திலிருந்து எதுவுமே திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, 4 எம்பி என்று சைஸ்கூட இருக்கிறது. கிளிக் செய்தால் இந்த வகை ஃபைலைத் திறக்க முடியாது என்று வருகிறது. 2013-க்குப் பிறகு அத்தனை வருஷமும் அப்படித்தான். ஸ்கேன் ஃபோல்டரும் போச்சு. நல்லவேளை, பத்திரங்களின் அசல் லாக்கரில் இருக்கிறது.

இது கெட்டுப்போன டிரைவ் இல்லை, திட்டமிட்டே இப்படிச் செய்து விற்கிறார்கள். டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்தான் "என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அந்தச் சிப்பின் உள் மென்பொருளை மாற்றி 64 ஜிபியை 2 டிபி என்று சொல்ல வைத்துவிட்டால், விண்டோஸும் அதை நம்பிவிடும். ஃபைல்களின் பெயர், சைஸ் அடங்கிய அட்டவணை பொதுவாக டிரைவின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படுவதால் அது பத்திரமாக இருக்கும். ஃபைலின் உள்ளடக்கம் மட்டும், உண்மையான இடம் தீர்ந்ததும், எங்கும் எழுதப்படாமல் போய்விடும். பத்து ரூம் உள்ள லாட்ஜில் முந்நூறு பேருக்கு ரிஜிஸ்டரில் பெயர் எழுதி அட்வான்ஸ் வாங்கிக்கொண்ட கதைதான். சில டிரைவ்கள் இன்னும் மோசம், புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதி முதலில் போட்டதையும் அழித்துவிடும்.

ரிவ்யூக்கள் எப்படி நாலே கால் ஸ்டார் வந்தன என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். பாதிப் பேர் "ஸ்டாண்ட் உறுதியா இருக்கு, வீடியோ கால் பேச வசதி" என்று எழுதியிருக்கிறார்கள். அதாவது மொபைல் ஸ்டாண்ட் விற்ற பழைய பக்கத்தில் படத்தையும் பெயரையும் மாற்றி எஸ்எஸ்டி ஆக்கியிருக்கிறார்கள். மீதிப் பேர் பார்சல் வந்த அன்றே ஸ்டார் போட்டவர்கள். பத்து ஜிபி சினிமா போட்டுப் பார்த்தால் ஓடத்தானே செய்யும்? உண்மை தெரிய வரும்போது ரிட்டர்ன் காலம் முடிந்திருக்கும். இந்த வியாபாரமே அந்த இடைவெளியை நம்பித்தான் நடக்கிறது.

கஸ்டமர் கேரில் நடந்ததுதான் கொடுமை. ஸ்க்ரீன்ஷாட் கேட்டார்கள், அனுப்பினேன். "மேம், நீங்கள் அனுப்பிய படத்தில் 1.95 டிபி என்றே காட்டுகிறது, பொருள் விவரத்தில் உள்ளபடியே இருக்கிறது" என்று பதில் வந்தது. பொய் சொல்வதே அந்த எண்தான் என்று எத்தனை விதமாக எழுதினாலும் அடுத்த ஆள் வந்து திரும்பவும் ஸ்க்ரீன்ஷாட் கேட்பார். கடைசியில் "ரிட்டர்ன் விண்டோ முடிந்துவிட்டது" என்று சாட் உரையாடலை மூடிவிட்டார்கள்.

இந்த வாதத்தை முடித்து வைத்தது எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சின்ன இலவச மென்பொருள். ஜெர்மனியின் சி'டி என்ற கணினிப் பத்திரிகை வெளியிட்டது. மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி, 'செலக்ட் டார்கெட்' என்பதில் டிரைவைக் காட்டி, 'ரைட் + வெரிஃபை' அழுத்தினால் போதும். காலி இடம் முழுவதும் 1 ஜிபி ஃபைல்களாக எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். எங்கள் டிரைவுக்குச் சிவப்பு எழுத்தில் "டேட்டா லாஸ்ட்" என்று வந்தது, அருகிலேயே எவ்வளவு என்ற கணக்கோடு. பெரிய டிரைவ் என்றால் ஒரு நாளுக்கு மேல்கூட ஓடும், பொறுமை வேண்டும். சீக்கிரம் தெரிய வேண்டும் என்றால் ஸ்டீவ் கிப்ஸன் என்பவர் உருவாக்கிய வேலிடிரைவ் (ValiDrive) என்ற இலவசக் கருவி இருக்கிறது, முழுவதையும் எழுதாமல் அங்கங்கே தொட்டுப் பார்த்துச் சொல்லும். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 (F3) என்ற கருவி.

இதெல்லாம் நமக்கு வராது என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காப்பி முடிந்ததும் 'இஜெக்ட்' கொடுத்து டிரைவைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். அதே கம்ப்யூட்டரில் உடனே திறந்தால் அதன் நினைவகத்திலிருந்தே காட்டி ஏமாற்ற வாய்ப்பு உண்டு. திறப்பதைக் கடைசியாகக் காப்பியான ஃபோல்டரில் தொடங்குங்கள். எல்லோரும் முதல் ஃபோல்டரில் நாலு படம் பார்த்துவிட்டுத் திருப்தியாகிறோம், போலி டிரைவில் பெரும்பாலும் நன்றாக இருப்பது அந்த முதல் சில ஃபோல்டர்கள் மட்டும்தான். ஆனால் இதில் ஒரு குறை: நீங்கள் போட்டது 30 ஜிபிதான் என்றால் போலி டிரைவும் பாஸாகிவிடும். நிச்சயமாகத் தெரிய, டிரைவை முழுக்க நிரப்பித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் டிரைவ் நொடிக்கு 10 எம்பி வேகத்தில் ஊர்ந்ததும் ஓர் அடையாளம். அட்டையில் யூஎஸ்பி 3.1, அதாவது வேகமான இணைப்பு, என்று போட்டிருந்தது. நிஜ எஸ்எஸ்டி என்றால் அதே 280 ஜிபியை ஓரிரு மணி நேரத்தில் முடித்திருக்கும்.

வாங்குவதென்றால் சீகேட், டபிள்யூடி, தோஷிபா மாதிரி தெரிந்த பெயரில் சாதாரண எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை பில்லோடு வாங்குங்கள், சீரியல் நம்பரை அந்தக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வீட்டு பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வேகம் தேவையே இல்லை. பத்திர ஸ்கேன் போன்றவை அதிக இடம் பிடிக்காது, கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடங்கிவிடும். அவற்றை அங்கேயும் ஒரு காப்பி போட்டு வையுங்கள். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி விட்டுவைக்காதீர்கள். நம் ஊர் கரண்ட் வந்து போகிற லட்சணத்துக்கு இரண்டும் சேர்ந்து போகும்.

பணத்தைத் திரும்ப வாங்கியது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 மூலம். தமிழிலும் பேசலாம். இணையவழி வணிகத்துக்கான 2020 விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் மன்றாடுவதை விட்டுவிட்டு அவருக்கு ஒரு மெயில், 1915-ல் ஒரு புகார், இரண்டோடும் பில், விளம்பரப் பக்கத்தின் படம், எச்2டெஸ்ட்டபிள்யூ காட்டிய சிவப்புச் செய்தி. எங்களுக்கு 1,799 முழுதாக வந்தது. 2013-க்குப் பிந்தைய படங்களில் உறவினர்களின் வாட்ஸ்அப்பில் கிடைத்ததை மாமா இன்னும் சேகரித்துக்கொண்டிருக்கிறார். டேட்டா ரிக்கவரிக் கடையில் பழைய டிஸ்க்குக்குக் கேட்ட தொகையில் இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கலாம்.

பணம் வந்த பிறகு உறையைப் பிரித்தோம். விரல் நகம் அளவு மெமரி கார்டு ஒரு சின்ன போர்டில் சொருகி, பசை ஊற்றி ஒட்டியிருந்தது. கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு. உங்களிடம் இருப்பது போலி என்று தெரிந்தாலும் பணம் கைக்கு வரும்வரை பிரிக்காதீர்கள், "நீங்களே உடைத்துவிட்டீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு அது போதும்.