அமைதிப் பள்ளத்தாக்கா, தாமான் நெகாராவா? டெல்டாக்காரர் போடவேண்டிய கணக்கு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. மழைக்காடு பார்க்க ஆசைப்படும் தஞ்சாவூர், திருவாரூர்க்காரருக்குப் பக்கத்தில் இருப்பது கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கு (சைலன்ட் வேலி). ராத்திரி மன்னார்குடியில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் கோவை. அங்கிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக அந்தக் காட்டின் வாசலான முக்காலி. இன்னொரு பக்கம், ஏறக்குறைய நாலு மணி நேரம் பறந்து, பிறகு அரை நாள் சாலையில் போனால் மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா. 13 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும் காடு.

செலவு, அலைச்சல், லீவு என்று எதைப் பார்த்தாலும் அமைதிப் பள்ளத்தாக்குதான் ஜெயிக்கும். அதைப் பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். ஆனாலும் நம் ஓட்டு தாமான் நெகாராவுக்கே. காரணம் ஒன்றுதான்: காட்டுக்குள் சொந்தக் காலில் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பது.

முக்காலியில் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும், மதியம் 1 மணியோடு உள்ளே விடுவது நின்றுவிடும். வனத்துறை ஏற்பாடு செய்யும் ஜீப்பில், வழிகாட்டியோடு 23 கிலோமீட்டர் போனால் சைரந்திரி. போக வர ஐந்து மணி நேரம். அதில் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழியும். சைரந்திரியில் காவல் கோபுரம் ஏறலாம், குந்திப்புழை ஆறு வரை கொஞ்ச தூரம் நடக்கலாம், அவ்வளவே. காடு உயிரோடு இருக்கும் நேரம் விடியலும் அந்தியும்; அந்த இரண்டும் உங்களுக்குக் கிடைக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1980களில், கட்டவிருந்த அணையிலிருந்து தப்பிப் பிழைத்த 89.52 சதுர கிலோமீட்டர் அது. ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினால்தான் மிஞ்சும்.

தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். பகாங், கிளந்தான், திரங்கானு என மூன்று மாநிலங்களில் விரிந்திருக்கிறது. நுழைவாயில் குவாலா தஹான் என்ற ஆற்றங்கரைக் கிராமம். தங்குவதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் இக்கரையில். தெம்பெலிங் ஆற்றைச் சின்னப் படகில் கடந்தால் அக்கரையில் காடு. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு விடியற்காலையில் போகலாம், மதியம் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி போகலாம். அலுவலகத்தை ஒட்டிய பாதைகளில் மரப்பலகை பாவியிருக்கிறார்கள்.

இந்தப் பலகைப் பாதை நமக்கு ஏன் முக்கியம் என்றால், டெல்டாவில் மேடு கிடையாது. சுவாமிமலையின் 60 படிகளையே மலை என்று ஏறிப் பழகிய முழங்கால்கள் நம்முடையவை. அம்மா அப்பாவை அழைத்துப் போனாலும் பலகையில் ஒரு மணி நேரம் மெதுவாக நடந்து வரலாம். தெம்பு உள்ளவர்கள் புக்கிட் தெரெசெக் குன்றுக்குப் படியேறட்டும். மரஉச்சிகளுக்கு நடுவே, தரையிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் தொங்குபாலமும் உண்டு. பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள் என்பதால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இரவில் காட்டுக்குள்ளேயே படுக்க 'பும்புன்' எனப்படும் மறைவுக் குடில்கள் இருக்கின்றன. பூங்கா அலுவலகத்தில் பதிந்துகொண்டு படுக்கை, டார்ச், தண்ணீர், சாப்பாடு எல்லாம் நீங்களே சுமந்து போக வேண்டும். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்தால் எலி விடாது. கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மானோ, குட்டித் துதிக்கை மாதிரி மூக்குள்ள தாபிரோ வந்தால் அதிர்ஷ்டம். விலங்கைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் இரண்டு காட்டுக்கும் போக வேண்டாம், உயிரியல் பூங்கா போதும்.

எப்போது போவது? தெம்பெலிங் கரையிலும் அடைமழை நம்மைப் போலவே வடகிழக்குப் பருவக்காற்றில்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை ஆறு புரளும், பாதைகள் மூடப்படும். ஆகவே தாளடி அறுவடை முடிந்த மாசி, பங்குனி பொருத்தம். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே மாதமும் ஆகும். அமைதிப் பள்ளத்தாக்குக்கு மார்கழி தொடங்கிப் பங்குனி வரை சரி. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிடும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டை இரண்டு காட்டிலும் உண்டு. சாதாரண சாக்ஸின் பின்னலுக்குள் நுழைந்துவிடும். நெருக்கமான துணியில் முழங்கால் வரை தைத்த அட்டை சாக்ஸ் வேண்டும், பேன்ட்டை அதற்குள் செருக வேண்டும். உப்பு தடவினால் முதல் ஓடையிலேயே கரைந்துபோகும். கடித்திருந்தால் பிடுங்காமல், நகத்தைப் பக்கவாட்டில் தோலோடு ஒட்டித் தள்ளுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது என்பதால் ரொம்ப நேரம் கசியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பலகைப் பாதையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பருத்தித் துணி அங்கே ராத்திரியில் காயாது. ஷூ வேண்டுமானால் மலேசியாவில் ரப்பர் தோட்டக்காரர்கள் போடும், கேலியாக 'அடிடாஸ் கம்போங்' என்று அழைக்கப்படும் ரப்பர் ஷூவே போதும்; விலை மலிவு, ஈரம் தங்காது.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு 30 நாள் விசா விலக்கு இருக்கிறது. டிக்கெட் போடுமுன் அது நீடிக்கிறதா என்று பாருங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். கோலாலம்பூரிலிருந்து, குவாலா தஹான் போகும் வழியில் உள்ள ஜெராண்டுட் ஊருக்கு மூன்று மணி நேரம். கையில் வேண்டிய ரிங்கிட்டை அங்கேயே எடுத்துவிடுங்கள். குறைந்தது மூன்று இரவு காட்டோரம் தங்காவிட்டால் இவ்வளவு தூரம் போவது வீண். இரண்டு நாள்தான் லீவு என்றால் பேசாமல் முக்காலிக்கே போகலாம்.

அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் பழத்தைத் தின்னும் சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. முக்காலியில் வளைந்து கிழக்கே திரும்பும் பவானி, கூடுதுறையில் காவிரியில் கலந்து கல்லணைக்கு வருகிற ஆறு. வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, முன்பதிவு செய்யுங்கள். 8 மணிக்குப் புறப்படும் முதல் ஜீப்பையே கேளுங்கள், வெயில் ஏறினால் குரங்குகள் நிழலுக்குள் போய்விடும்.