ஹேக், ஹைடல்பர்க், ஃபுல்பிரைட்: தில்லி சட்ட ஆய்வாளருக்கு எது பொருந்தும்?

தில்லியில் சர்வதேசச் சட்டத்தில் பிஎச்.டி செய்பவர்கள் வெளிநாட்டில் சில மாதம் தங்கி ஆய்வு செய்ய நினைத்தால், பெரும்பாலும் மூன்று வழிகளை எடைபோடுகிறார்கள்: ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (டிஏஏடி) தரும் உதவித்தொகை, நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசச் சட்ட அகாடமியின் முனைவர் உதவித்தொகை, அமெரிக்காவில் ஆய்வு செய்வதற்கான ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கை. எதில் மாதப் பணம் அதிகம் என்று பார்த்து வரிசைப்படுத்துவது வழக்கம். அது தப்பான அளவுகோல். ஆய்வேட்டுக்கு இப்போது குறைவது புத்தகமா, வழிகாட்டும் ஆளா, எழுத நேரமா என்று முதலில் பாருங்கள்.

புத்தகம் என்றால் ஹேக். அங்கே அகாடமியும் சர்வதேச நீதிமன்றமும் இருக்கும், 1913இல் திறந்த அமைதி மாளிகையின் நூலகம் இந்தத் துறைக்கென்றே வளர்ந்தது. அகாடமியின் முனைவர் உதவித்தொகை, வளரும் நாட்டில் வசிப்பவராக, ஆய்வேடு நன்கு முன்னேறியவராக, தேவையான நூல்கள் கைக்கு எட்டாதவராக இருப்பவருக்கானது. தில்லிக்காரர் சறுக்குவது கடைசி நிபந்தனையில்தான். ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பு, சர்வதேச நீதிமன்றத் தீர்ப்புகள், 1969 வியன்னா ஒப்பந்த மாநாட்டு ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். இவற்றைப் படிக்கத்தான் ஹேக் போகிறேன் என்று எழுதினால் விண்ணப்பம் அங்கேயே பலவீனமாகிவிடும். அதற்குப் பதிலாக, பகவான் தாஸ் சாலையில் இருக்கும் இந்தியச் சட்டக் கழகம், சர்வதேசச் சட்டத்துக்கான இந்தியச் சங்கம் இரண்டின் நூலகங்களிலும் தேடிப் பார்த்து, கிடைக்காத 15, 20 தலைப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த அத்தியாயத்துக்கு, எந்தக் கேள்விக்கு என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். பழைய பிரெஞ்சு நூல்கள், விலை எட்டாத உரைத் தொகுதிகள் இந்தப் பட்டியலுக்குப் பொருந்தும்.

இதே அகாடமியின் கோடை வகுப்புக்கும் உதவித்தொகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பொதுச் சட்டத்துக்கு மூன்று வாரம், தனியார் சட்டத்துக்கு மூன்று வாரம் என்று நடப்பது அது. நல்ல அறிமுகங்கள் கிடைக்கும், அத்தியாயம் நகராது. விமானச் செலவை நம் கையிலிருந்து போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டாட் வேறு ரகம். குறுகிய கால ஆய்வு உதவி 1 முதல் 6 மாதம் வரை. மாதத் தொகையோடு காப்பீடும் பயணப்படியும் சேர்ந்து வரும். பலர் டாட்டையும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களையும் போட்டியாளர்களாக நினைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். உண்மையில் டாட் பணம் தரும், மாக்ஸ் பிளாங்க் மேசையும் நூலகமும் தரும். சேர்த்துக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். பொதுச் சர்வதேசச் சட்டம் என்றால் ஹைடல்பர்க், தனியார் சர்வதேசச் சட்டம் என்றால் ஹாம்பர்க், அறிவுசார் சொத்துரிமை என்றால் மியூனிக். பின்னிரண்டுக்கும் சொந்த உதவித்தொகையும் உண்டு.

இங்கே விண்ணப்பத்தைக் கவிழ்ப்பது அழைப்புக் கடிதம். 'வரவேற்கிறோம்' என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் மேற்பார்வை, இடமும் நூலகமும் உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு எழுதும் முதல் மின்னஞ்சலில் இரண்டு பக்கச் சுருக்கமும் ஒரு முடிந்த அத்தியாயமும் போதும். முழு ஆய்வேட்டை அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். கடைசித் தேதிக்கு நான்கு மாதம் முன்பே எழுதுங்கள், ஆகஸ்டில் பாதி ஜெர்மனி விடுமுறையில் இருக்கும். பரிந்துரைக் கடிதத்துக்கான படிவம் டாட் தளத்திலிருந்தே உருவாகும். உங்கள் கைடு பல்கலைக்கழகத் தாளில் எழுதித் தரும் கடிதம் அதற்கு ஈடாகாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபுல்பிரைட்-நேரு 6 முதல் 9 மாதம். தில்லி ஹெய்லி சாலையில் இருக்கும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை நடத்துவது. இந்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி பதிவு செய்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஜூலையில் விண்ணப்பித்து மறு ஆண்டுதான் கிளம்ப முடியும், ஆகவே அவசரக்காரருக்கு உதவாது. அந்த ஆண்டு எந்தத் துறைகளுக்குத் திறந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இந்த நல்கைக்குக் கிடைக்கும் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவோடு வரும் இரண்டாண்டு விதியை யாரும் உரக்கச் சொல்வதில்லை: திரும்பிய பின் இந்தியாவில் இரண்டாண்டு இருந்தால்தான் அமெரிக்காவில் வேலை செய்வதற்கான எச், எல் விசாவோ நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டோ சாத்தியம். அமெரிக்க வழக்கறிஞர் நிறுவனக் கனவு இருப்பவர் இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திடட்டும். நான்காவதாகச் சிலர் சொல்லும் சர்வதேச நீதிமன்றத்தின் நீதித்துறை நல்கை ஆய்வுத் தங்கலே அல்ல. அது ஒரு நீதிபதிக்கு வேலை செய்வது. பல்கலைக்கழகம்தான் பெயரை முன்மொழிய முடியும். வளரும் நாட்டினருக்கென 2020இல் ஐ.நா. பொதுச்சபை நிதியம் அமைத்தது நல்ல விஷயம். ஆனால் அங்கே கண்டதை ஆய்வேட்டில் போட முடியாது.

என் தேர்வு: வரைவு பாதிக்கு மேல் முடிந்திருந்தால் ஹேக், கோட்பாட்டு அத்தியாயத்தில் சிக்கியிருந்தால் ஹைடல்பர்க்குடன் டாட், அமெரிக்க நடைமுறையே ஆய்வுப்பொருள் என்றால் ஃபுல்பிரைட்.

எதுவானாலும் நாட்களை எண்ணுங்கள். ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை 'மூன்று மாதம்' என்று எழுதிவிடுவார்கள். அது 92 நாள். ஜெர்மனி, நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய விசா 180 நாளில் 90 நாளுக்கு மட்டுமே. அதைத் தாண்டினால் ஜெர்மனிக்கு நீண்ட தங்கலுக்கான தேசிய டி விசா, அதற்கு வாரக்கணக்கில் காத்திருப்பு. தேர்வுக் கடிதத்தில் மாதத் தொகை தெளிவாக இருந்தால் ஆண்டுக்கு 11,904 யூரோ என்ற முடக்குக் கணக்கு (செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டுவது) கேட்கப்படாது, இல்லையென்றால் கேட்பார்கள். பல்கலைக்கழகத் தடையின்மைச் சான்றில் தங்கும் தேதிகள் அழைப்புக் கடிதத்தோடு நாள் பிசகாமல் பொருந்த வேண்டும். அந்த மாதங்கள் பிஎச்.டி முடிக்க யுஜிசி 2022 விதி தரும் 6 ஆண்டுக் கணக்கிலேயே ஓடும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறுபவர் அந்தக் காலத்தில் அது தொடருமா நிற்குமா என்பதை, கிளம்புவதற்கு முன், எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.